வேலையை விட்டு இரண்டரை மாதம் ஆகியும் கடைசிக் கணக்குத் தீரவில்லை என்றால்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நான் எங்காவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். 2021 மார்ச்சில் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தீர்கள். 2026 ஜனவரி கடைசியில் வேலையை விட்டீர்கள். மாதச் சம்பளம் 48,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 18,000. நோட்டீஸ் காலம் 60 நாள் என்று இருந்தும் 30 நாள்தான் வேலை பார்த்தீர்கள். ஜனவரிச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள். "45 நாளில் ஃபுல் அண்ட் ஃபைனல் முடித்துவிடுவோம்" என்றார்கள், 75 நாள் ஆகிவிட்டது. கடைசியாக எச்.ஆர். தொலைபேசியில், "நோட்டீஸுக்கு ஒரு மாதச் சம்பளம், லேப்டாப் சேதத்துக்கு 22,000, எல்லாம் கழித்தால் உங்களுக்கு வர வேண்டியது ஒன்றுமில்லை, நீங்கள்தான் எங்களுக்குத் தர வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். எப்போது பணம் வரும் என்பது உங்கள் கேள்வியின் மேல்பக்கம். நோட்டீஸை முழுதாக முடிக்காததால் பணத்தைக் கேட்கும் உரிமையே உங்களுக்குப் போய்விட்டதா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன்.

உரிமை போகவில்லை. அதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் எவ்வளவு வரும் என்பதில் சில பகுதி உறுதியானது, சில பகுதி வாதத்துக்கு உரியது. இரண்டையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. பதினெட்டு ஆண்டுகள் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் சம்பளப் பிரிவில் இருந்தவன். இப்போது நண்பர்கள் கேட்டால் அவர்களுடைய கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன். உங்கள் பணி நியமனக் கடிதத்தை நான் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஃபுல் அண்ட் ஃபைனல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே தொகை இல்லை. வேலை பார்த்த நாட்களின் சம்பளம், மீதமுள்ள விடுப்புக்கான பணம், பணிக்கொடை (கிராஜுவிட்டி), பி.எஃப்., சிலருக்கு போனஸ், ஊக்கத்தொகை, நீங்கள் கைக்காசு போட்டுச் செய்த பயணச் செலவு என்று ஐந்தாறு தனித்தனிப் பணம் அதற்குள் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டப் பிரிவு, தனிக் கெடு, பிடித்தம் செய்யத் தனி வரம்பு. நிறுவனம் இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒன்றில் தகராறு இருக்கிறது என்று மொத்த மூட்டையையும் நிறுத்தி வைக்கிறது. நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த மூட்டையை அவிழ்ப்பது. லேப்டாப் பற்றித் தகராறு இருந்தால் அது லேப்டாப் தகராறு மட்டும்தான். அதற்காக பி.எஃப். விவரத்தைப் பதிவு செய்யாமல் இருக்க முடியாது.

சம்பளத்தில் தொடங்குவோம், ஏனென்றால் இதில்தான் சட்டம் அண்மையில் பெரிதாக மாறியது. பழைய 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தில், வேலையை விட்டு அனுப்பப்பட்டவருக்கு இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் சம்பளம் தர வேண்டும் என்று இருந்தது. அதில் இரண்டு ஓட்டை இருந்தன. மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்குத்தான் அந்தச் சட்டம். அப்புறம், முதலாளி தரப்பில் வேலை முடிக்கப்பட்டால் என்றுதான் வாசகம் இருந்தது. தானாக ராஜினாமா செய்தவர் எங்கே வருகிறார் என்பது தெளிவாக இல்லை. அந்த இடைவெளியில்தான் "30 நாள்", "45 நாள்", "அடுத்த பேரோல் சுழற்சி" என்ற வழக்கமெல்லாம் வளர்ந்தது. அந்த 45 நாள் நிறுவனங்கள் தாங்களே வைத்துக்கொண்ட வசதி. சம்பளத்துக்கு அப்படி ஒரு கெடுவைச் சட்டம் கொடுக்கவில்லை.

2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-வது பிரிவு நீக்கப்பட்டவர், ஆட்குறைப்பில் போனவர், நிறுவனம் மூடப்பட்டதால் வேலை இழந்தவர் ஆகியோருடன் ராஜினாமா செய்தவரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இவர்கள் எல்லோருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளம் தர வேண்டும். 24,000 என்ற மேல்வரம்பும் இதில் இல்லை. மேற்பார்வையாளர், மேலாளர், தொழில்நுட்பப் பணியாளர் எல்லோரும் ‘பணியாளர்’ என்ற விளக்கத்துக்குள் வருகிறார்கள். நீங்கள் விலகியது ஜனவரி 2026 என்பதால் இந்த விதி உங்களுக்குப் பொருந்தும். பிப்ரவரி முதல் வாரத்திலேயே உங்கள் ஜனவரிச் சம்பளம் வந்திருக்க வேண்டும்.

விதி அப்படி இருக்கிறது என்பதால் எல்லா நிறுவனமும் இரண்டே நாளில் கொடுத்துவிடுகிறது என்று சொல்லவரவில்லை. பல இடங்களில் சம்பளப் பிரிவின் நடைமுறை பழையபடியேதான் ஓடுகிறது. ஏன் தாமதமாகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மாதத்தின் 20 அல்லது 25-ஆம் தேதி வாக்கில் பேரோல் கணக்கை மூடிவிடுவார்கள். ராஜினாமா போட்டவரின் பெயருக்கு எதிரே ‘ஹோல்டு’ என்று போட்டுவிடுவது வழக்கம். அதன்பின், விலகுபவரிடம் நிலுவை எதுவும் இல்லை என்று ஒவ்வொரு துறையும் கையெழுத்திடும் நோ டியூஸ் படிவம் ஐடி, நிதி, நிர்வாகம், சில இடங்களில் ஸ்டோர்ஸ், நூலகம் என்று சுற்றிவர வேண்டும். அதில் ஒரே ஒருவர் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். ஒருமுறை ஒரு லாக்கர் சாவி ஒப்படைக்கப்பட்டதற்குப் பதிவு இல்லை என்று, பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரின் மொத்தப் பணமும் நாலு மாதம் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சாவி அவருடைய மேலாளரின் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவருக்கும் எதனால் நிற்கிறது என்று தெரியவில்லை. அந்த நாலு மாதத்தில் அவர் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கினார். அன்றிலிருந்து, வேலையை விடும் யாரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தத் துறையில் கையெழுத்து நிற்கிறது என்று எழுத்தில் கேட்டீர்களா?

இனி பிடித்தம். நோட்டீஸ் பற்றி நேர்மையாகச் சொன்னால், இங்கே உங்கள் பக்கம் முழு பலம் இல்லை. 60 நாள் என்று ஒப்புக்கொண்டு 30 நாளில் விலகினால், மீதி நாட்களுக்கு ஈடு கேட்க நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி இடம் இருக்கிறது. எச்.ஆர். உங்களுக்கு விலக்கு எதுவும் மின்னஞ்சலில் தந்திருந்தால் கதை வேறு, அதைத் தேடிப் பாருங்கள். "சரி, ஜனவரி 31 உங்கள் கடைசி நாள்" என்று மட்டும் பதில் வந்திருந்தால் அது ஈட்டைத் தள்ளுபடி செய்ததாக ஆகுமா என்பது வாதத்துக்கு உரியது. ஆனால் எந்தச் சம்பளத்தின்படி ஈடு என்பதுதான் பெரிய கேள்வி. சில கடிதங்களில் அடிப்படைச் சம்பளம் என்று இருக்கும், சிலவற்றில் மொத்தச் சம்பளம் என்று இருக்கும். உங்கள் விஷயத்தில் அது 18,000-க்கும் 48,000-க்கும் உள்ள வித்தியாசம். பல நிறுவனங்கள் விடுப்புக்குப் பணம் தரும்போது அடிப்படைச் சம்பளத்திலும், நோட்டீஸுக்குப் பிடிக்கும்போது மொத்தச் சம்பளத்திலும் கணக்குப் போடுகின்றன. கடிதத்தில் தெளிவாக எழுதப்படாத இடத்தில், இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை, நிறுவனங்கள் இறங்கி வருவதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. சம்பளத்திலிருந்து எதையெல்லாம் பிடிக்கலாம் என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 18-வது பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. நோட்டீஸ் தொகை என்று பெயர் சொல்லி அதில் இல்லை. அதனால் இதைச் சம்பளத்திலிருந்தே கழிக்க முடியுமா, அல்லது நிறுவனம் தனியாகத்தான் கேட்க வேண்டுமா என்று வாதிட இடம் இருக்கிறது. நடைமுறையில் கிட்டத்தட்ட எல்லோரும் கழிக்கிறார்கள். நான் இதை உங்கள் முதல் ஆயுதமாக எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சம்பளக் காலத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தின் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அதே பிரிவு சொல்வது தெளிவான வரம்பு. ஜனவரிச் சம்பளத்தைச் சுழியமாக்கியது அந்த வரம்போடு ஒத்துப்போகவில்லை என்று தைரியமாக எழுதலாம். நோட்டீஸ் தொகைக்கு மேல் ஜிஎஸ்டி என்று 18 சதவீதம் சேர்த்திருந்தால் அதையும் மறுத்து எழுதுங்கள். நோட்டீஸ் ஈட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட சுற்றறிக்கையில் விளக்கிவிட்டது.

லேப்டாப் விஷயத்தில் உங்கள் நிலை வலுவானது. பணியாளர் பொறுப்பில் ஒப்படைத்த பொருளுக்கு அவருடைய அலட்சியத்தால் சேதம் என்றால் பிடிக்கலாம், அது உண்மை. ஆனால் பிடிப்பதற்கு முன் காரணம் காட்ட வாய்ப்புத் தர வேண்டும், பிடிக்கும் தொகை உண்மையான இழப்பைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை, தொலைபேசியில் தொகையை மட்டும் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. எந்தத் தேதியில் யார் பார்த்து என்ன சேதம் என்று குறித்தார்கள், பழுதுபார்த்த ரசீது எங்கே, நாலு வருடம் ஓடிய லேப்டாப்பின் இன்றைய மதிப்பு என்ன என்று கேளுங்கள். ஒப்படைத்த அன்று ஐடி பிரிவு கொடுத்த ரசீதோ மின்னஞ்சலோ இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். இன்னும் வேலையில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள், கருவியை ஒப்படைக்கும்போது நாலு பக்கமும் படமெடுத்து, திரை எரிவதை ஒரு சின்ன வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

இப்போது பணிக்கொடை. நீங்கள் இதைக் கேட்கவே இல்லை. உங்கள் கேள்வியைப் படித்தவுடன் என் கண்ணில் முதலில் பட்டது இதுதான். ஐந்து ஆண்டு முடியாவிட்டால் கிராஜுவிட்டி கிடையாது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. உங்களுக்கு 4 ஆண்டு 10 மாதத்துக்கு மேல் ஆகிறது. பணிக்கொடைச் சட்டத்தில் ‘தொடர்ச்சியான ஓராண்டுப் பணி’ என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு: பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது ஓராண்டாகக் கொள்ளப்படும். வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக வேலை நடக்கும் இடத்தில் அது 190 நாள். இதை வைத்து, நாலு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கும் பணிக்கொடை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொன்னது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தொடர்ச்சியான பணிக்குப் பழைய விளக்கத்தையே வைத்திருக்கிறது. எல்லா நிறுவனமும் இதைத் தானாக ஏற்பதில்லை. "ஐந்து என்றால் ஐந்துதான்" என்று எச்.ஆர். சொல்லக்கூடும். ஆனால் தமிழ்நாட்டில் வேலை பார்த்தவருக்கு இந்தத் தீர்ப்பு நல்ல பிடிமானம். என்னிடம் வந்தவர்களில் இரண்டு பேர் இதை எழுத்தில் காட்டியே வாங்கியிருக்கிறார்கள். ஒருவருக்குத் தொழிலாளர் துறை வரை போக வேண்டியிருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, அதைப் பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதை முழு ஆண்டாக எடுப்பார்கள், ஆகவே உங்களுக்கு ஐந்து. அடிப்படைச் சம்பளம் 18,000 என்று வைத்தால் 51,923 ரூபாய் வருகிறது. புதிய சட்டத் தொகுப்புகளில் ‘ஊதியம்’ என்ற சொல்லுக்கே விளக்கம் மாறியிருக்கிறது. வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மேற்பட்ட பகுதியை ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். 48,000-இல் பாதி 24,000. அதை வைத்துப் போட்டால் 69,230 ரூபாய். 2025 நவம்பருக்கு முந்தைய ஆண்டுகளுக்கும் இந்தப் புதிய ஊதியம்தானா என்று நிறுவனம் தகராறு செய்யலாம். பணிக்கொடை எப்போதும் கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், உங்கள் பக்கம்தான் சரி என்பது என் புரிதல். ஆனாலும் 51,923 என்பதை உறுதியான அடித்தளமாகவும், அதற்கு மேலுள்ளதைக் கேட்டுப் பார்க்க வேண்டிய பகுதியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பணிக்கொடைக்குக் கெடு 30 நாள், தாமதமானால் வட்டி உண்டு. விண்ணப்பம் நீங்கள் தாமதமாகக் கொடுத்தாலும் அந்த ஒரு காரணத்துக்காகவே மறுக்கக்கூடாது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால், புதிய சட்டத்தில் உங்களுக்கு ஐந்தாண்டு நிபந்தனை இல்லை, ஓராண்டு போதும் என்பதைக் கவனியுங்கள்.

பணிக்கொடையில் நோட்டீஸ் தொகையைக் கழிக்க முடியுமா? முடியாது என்பது என் உறுதியான கருத்து. சேதத்துக்காகப் பணிக்கொடையைக் குறைக்கச் சட்டம் இடம் தருவது, அந்தச் செயலுக்காகவே வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் விஷயத்தில்தான். நீங்கள் ராஜினாமா செய்தவர். இதனால்தான் மூட்டையை அவிழ்க்கச் சொன்னேன். எச்.ஆர். போட்ட கணக்கைப் பாருங்கள்: ஜனவரிச் சம்பளம் 48,000, உங்களிடம் மீதமிருந்த 18 நாள் விடுப்புக்கு அடிப்படைச் சம்பளத்தில் 10,800, ஆக 58,800. கழிப்பது நோட்டீஸுக்கு 48,000, லேப்டாப்புக்கு 22,000, ஆக 70,000. அதனால்தான் "நீங்கள் 11,200 தர வேண்டும்" என்ற நிலை. பி.எஃப்., வரிப் பிடித்தத்தை இதில் நான் சேர்க்கவில்லை. லேப்டாப் தொகை நிற்காவிட்டால் உடனே 10,800 உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. நோட்டீஸும் அடிப்படைச் சம்பளத்தில்தான் என்றால் 40,800 வருகிறது. இவை எதுவுமே நடக்காமல் அவர்கள் கணக்கையே அப்படியே ஏற்றாலும், பணிக்கொடையைச் சேர்த்துப் பார்த்தால் 40,723 ரூபாய் அவர்கள்தான் தர வேண்டியிருக்கிறது. ஒன்றுமில்லை என்று சொன்ன கணக்கு எங்கே ஒரு வரியை விட்டுவிட்டது என்று இப்போது தெரிகிறது அல்லவா?

விடுப்புப் பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த வகை விடுப்புக்குப் பணம், எந்தச் சம்பளத்தில் என்பது நிறுவனத்தின் விடுப்புக் கொள்கையைப் பொறுத்தது. ஈட்டிய விடுப்புக்குத்தான் பொதுவாகப் பணம் வரும், தற்செயல் விடுப்புக்கு வராது. ராஜினாமாவின்போது வரும் விடுப்புப் பணத்துக்குத் தனியார் ஊழியருக்கு வாழ்நாள் மொத்தத்தில் 25 லட்சம் ரூபாய் வரை வருமான வரி விலக்கு உண்டு, அதை வரிக்கணக்கில் காட்ட மறக்காதீர்கள். போனஸுக்கான சம்பள வரம்பு மாதம் 21,000. அடிப்படைச் சம்பளம் 18,000 என்று பார்த்தால் நீங்கள் அதற்குள் வருகிறீர்கள், புதிய விளக்கத்தின்படி 24,000 என்று பார்த்தால் வெளியே போகிறீர்கள், ஆகவே கேட்டுப் பாருங்கள். அதற்குள் சம்பளம் வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கணக்காண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே அந்த நாட்களுக்கான போனஸ் உண்டு, கொடுக்கும் நேரத்தில் வேலையில் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. தீபாவளிக்கு முன் வேலையை விட்டவர்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஊக்கத்தொகை என்று நிறுவனம் தானாக வைத்திருக்கும் திட்டங்களில் மட்டும் "வழங்கும் நாளில் பணியில் இருக்க வேண்டும்" என்ற வரி இருக்கும். அதை எதிர்த்து வெல்வது கடினம்.

பி.எஃப். பணம் நிறுவனத்தின் கையில் இல்லை, உங்கள் கணக்கில் இருக்கிறது. அதை நிறுத்தி வைக்க அவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவர்கள் செய்ய வேண்டியது உங்கள் வெளியேறிய தேதியைப் பதிவு செய்வதுதான். அதைச் செய்யாமல் இழுத்தால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் ஆனபின், யுஏஎன் எண்ணைக் (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) கொண்டு இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். ஆதாருடன் இணைத்த கைபேசி எண் கையில் இருக்க வேண்டும். பாஸ்புக்கைத் திறந்து, பே ஸ்லிப்பில் பிடித்த ஒவ்வொரு மாதத் தொகையும் வரவாகியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஜனவரிக்கானது பிப்ரவரி 15-க்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். அடுத்த வேலை கிடைத்திருந்தால் பணத்தை எடுக்காமல் மாற்றிக்கொள்வதே நல்லது. ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் வரி வரும், ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 ஆண்டுக் கணக்கும் அறுந்துபோகும். எடுத்தே ஆக வேண்டிய நெருக்கடி என்றால், வேலை இல்லாத காலத்தில் எவ்வளவு எப்போது எடுக்கலாம் என்ற விதிகளை மாற்ற 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு முடிவெடுத்தது. அதனால் பழைய வீடியோக்களை நம்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் இபிஎஃப்ஓ (பி.எஃப்.-ஐ நிர்வகிக்கும் அமைப்பு) தளத்தில் உள்ளதைப் பாருங்கள்.

வரி பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. கணக்குத் தீர்ப்பில் டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தால் உடனே ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். முதலீட்டுச் சான்று, வாடகை ரசீது கொடுக்காமல் விலகியிருந்தால் மீதி வரியெல்லாம் கடைசித் தொகையில் மொத்தமாகப் பிடிக்கப்படும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதிகமானதைத் திரும்பப் பெறலாம். இதற்கு நேர்மாறாக, ஆண்டின் நடுவில் வேலை மாறுபவர்கள் பழைய நிறுவனத்தின் வருமானத்தைப் புதிய இடத்தில் சொல்லாமல் விட்டால், நிலையான கழிவை (வரிக் கணக்கில் சம்பளத்திலிருந்து ஒருமுறை மட்டும் கழிக்க வேண்டிய தொகை) இரண்டு நிறுவனமும் கொடுத்துவிடும். பிறகு ஜூலையில் கையிலிருந்து வரி கட்ட வேண்டி வரும்.

சரி, இனி என்ன செய்வது? தொலைபேசியில் பேசுவதை நிறுத்துங்கள். கோபமில்லாமல் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பணியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஊழியர் எண். அப்புறம் வரிக்கு ஒன்றாக: ஜனவரிச் சம்பளம் இவ்வளவு, இரண்டு வேலை நாளில் தர வேண்டியது, வரவில்லை. விடுப்பு 18 நாள், இவ்வளவு. பணிக்கொடை ஐந்து ஆண்டுக்கு இவ்வளவு. நோட்டீஸ் பிடித்தம் எந்த வாசகத்தின்படி, எந்தச் சம்பளத்தில் என்று விளக்கவும். லேப்டாப் பிடித்தத்தை ஏற்கவில்லை, சேத அறிக்கையும் ரசீதும் அனுப்பவும். கையெழுத்திட்ட கணக்குத் தீர்ப்புத் தாளை ஏழு நாளில் தரவும். இதை எச்.ஆர்., நிதித் துறைத் தலைவர் இருவருக்கும் அனுப்புங்கள். நிதித் துறைக்குப் போகும் பிரதிதான் பல நேரங்களில் கோப்பை நகர்த்தும், ஏனென்றால் கணக்கில் நிலுவையாக நிற்கும் தொகைக்குத் தணிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பதில் வராவிட்டால் அதையே அச்செடுத்து, நிறுவனத்தின் பதிவு செய்யப்பட்ட அலுவலக முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ஒப்படைத்த சான்றை எடுத்து வையுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் தொழிலாளர் துறை. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் கொடுக்கலாம், ஆகவே பதற்றம் வேண்டாம். கோரிய தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு இடம் உண்டு. அவ்வளவு விதிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் அந்த வரி நிறுவனத்தின் வழக்கறிஞருக்குத் தெரியும். சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. உங்கள் பகுதி உதவித் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பணிக்கொடையில் ஒரு நுணுக்கம்: நிறுவனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளை இருந்தால் அது மத்திய அரசின் தொழிலாளர் துறைக்குப் போகும். சென்னையில் அந்த அலுவலகம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. இது தெரியாமல் மாநில அலுவலகத்துக்கு நாலு முறை நடந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். பி.எஃப். புகார் என்றால் இபிஎஃப்ஓவின் குறைதீர்ப்புத் தளத்தில் தனியாகப் போடுங்கள், மற்றதோடு கலக்க வேண்டாம்.

ஒருவேளை நடுவில் அவர்கள் இறங்கி வந்து, "இந்தத் தொகையை வாங்கிக்கொண்டு இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு தாள் நீட்டலாம். "முழுத் தொகையும் பெற்றேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருக்கும். தொகை சரியென்றால் போடுங்கள். குறைவாக இருந்து, பணமும் அவசரமாகத் தேவை என்றால், கையெழுத்துக்கு மேலே "பணிக்கொடை, லேப்டாப் பிடித்தம் குறித்த எதிர்ப்புடன் பெறுகிறேன்" என்று கையால் எழுதிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எழுத விடவில்லை என்றால் அன்று மாலையே அதையே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். சட்டப்படி வர வேண்டிய பணிக்கொடையை ஒரு தாளில் கையெழுத்திட்டு இழந்துவிட முடியாது. ஆனால் மற்ற தொகைகளில் அந்தக் கையெழுத்து உங்களுக்கு எதிராகப் பேசும்.

உங்கள் நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் பற்றிய பத்தியை, நிறுவனத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் நீக்கிவிட்டு, அப்படியே தட்டச்சு செய்து போடுங்கள். அதில் ‘அடிப்படைச் சம்பளம்’ என்று இருக்கிறதா, ‘மொத்தச் சம்பளம்’ என்று இருக்கிறதா, அல்லது வெறுமனே ‘சம்பளம்’ என்று விட்டிருக்கிறார்களா என்று பார்த்தால், அந்த 18,000-க்கும் 48,000-க்கும் நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.